தம்பி ஸ்கேனில் தெரிந்த பாண்டா முகம்

நெல்லை அக்கா:
தம்பி பதினொன்னாம் வகுப்புல இருக்கும்போது கையெழுத்து கோணிப்போச்சு. நோட்டுல எச்சில் சொட்டி மை கரைஞ்சிருக்கும். பேச்சும் குழறுச்சு. வேணும்னே பண்றான்னார் வாத்தியார். அம்மா மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. மனநல டாக்டர் ஒருத்தர் எட்டு மாசம் மாத்திரை கொடுத்தார். உடம்பு இன்னும் விறைச்சதுதான் மிச்சம்.

அப்புறம் நரம்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். நடுமூளையைக் குறுக்கே சீவின மாதிரி ஒரு படம். வெள்ளையா ஒரு முகம், அதுல கறுப்பா ரெண்டு கண்ணு. "பாண்டா தெரியுதாம்மா?"ன்னார். தெரிஞ்சுது. உடனே தம்பி கண்ணுல டார்ச் அடிச்சார். கருவிழி ஓரத்துல பழுப்பா ஒரு வளையம். வில்சன் நோயாம். கல்லீரல் செம்பைப் பித்தத்தோட வெளியே தள்ளாம விட, அது மூளையில போய்ப் படியுது. அப்பவும் படத்தை மட்டும் நம்பி அவர் மருந்து எழுதலை. ரத்தத்துல செருலோபிளாஸ்மின்னு செம்பைச் சுமக்கிற புரதம், 24 மணி நேரச் சிறுநீர்ல செம்பு, ரெண்டையும் பார்த்தார். அந்தக் கேனைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போனது தனிக் கூத்து.

அப்பாவும் அம்மாவும் சொந்தத்துல கட்டினவங்க. கூடப்பிறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு உண்டுன்னு எங்களையும் சோதிச்சாங்க. தங்கச்சிக்கு எம்.ஆர்.ஐ. சுத்தம், கண்ணுல வளையமும் இல்ல. ஆனா இந்த நோய்க்குக் காரணமான ஏ.டி.பி.7பி மரபணு, அப்பா வழி, அம்மா வழின்னு ரெண்டு பக்கமும் பழுது. ஸ்கேன்தான் நல்லா இருக்கேன்னு விட்டிருந்தா? இப்போ அவளுக்குத் துத்தநாக மாத்திரை. வெறும் வயித்துல போடணும். குமட்டுதுன்னு தினமும் சண்டை.

ஓர் அப்பா:
எங்க பொண்ணு ஸ்கேன்ல வந்தது புலிக்கண். மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற குளோபஸ் பாலிடஸ்ங்கிற பகுதியில இரும்பு படிஞ்சு கறுத்திருக்க, நடுவுல வெள்ளைப் பொட்டு. நாலு வயசுல கால் முறுக்கி விழ ஆரம்பிச்சா. படத்தைப் பார்த்ததுமே பான்க்2 மரபணுவைத் தேடச் சொன்னாங்க, அதுலயே அகப்பட்டுச்சு. நோய்க்குப் பேர் கிடைச்சுது, குணமாக்க மருந்து இல்ல. நாக்கைக் கடிச்சுக்குவா, பல் டாக்டர் செஞ்சு கொடுத்த தடுப்பு கொஞ்சம் காப்பாத்துது.

கோவைவாசி:
என் கதை நேர் எதிர். காலையில நல்லா நடப்பேன், சாயங்காலம் பாதம் உள்ளே திரும்பிக்கும். மூணு எம்.ஆர்.ஐ., மூணும் நார்மல். "நடிக்கிறா"ன்னு வீட்லயே பேச்சு. கடைசியா பார்த்த டாக்டர், காலையில சரியாகி மாலையில மோசமாகுது, படமும் சுத்தமா இருக்குன்னு ரெண்டையும் சேர்த்து யோசிச்சார். மூளையில டோபமினா மாறுற லெவோடோபா மாத்திரை கொடுத்தார், அதுவும் சின்ன அளவு. நாலாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கக் கைப்பிடி இல்லாம ஏறினேன்.

நெல்லை அக்கா:
ஒண்ணு விட்டுப்போச்சு. செம்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு வருஷக்கணக்கா குடிச்சோம். நோய் அதனால வரலை, ஆனா தம்பிக்கும் தங்கச்சிக்கும் இனி ஆகாதுன்னுட்டார் டாக்டர். ஆச்சி குடத்தைப் பரண்ல ஏத்திட்டாங்க. மாசம் ஒருக்க இறக்கி, புளி போட்டுத் துலக்கி, திரும்ப ஏத்துறாங்க.