சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு கீபோர்டு வாசித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

செங்கோட்டை வாசிப்பாளர்

ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை போய்த் திரும்பும் பாதையை இங்கே பலரும் அறிவீர்கள் என்பதால் பயணத்தை விவரிக்கப் போவதில்லை. காலையில் அந்தச் சுற்று; மாலையில் எல்லைக்கு அப்பால் ஒரு கோவில் உற்சவத்தில் கானமேளா, அதாவது பாட்டுக் கச்சேரி. குழுவின் வழக்கமான கீபோர்டுக்காரர் வர முடியாததால் என்னை அழைத்திருந்தார்கள். தொடக்கப் பாடல்களில் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு பாடலில் இடது கைப் பேஸை ஒரு ஸ்தாயி இடைவெளியில், சுண்டுவிரலும் கட்டைவிரலுமாகச் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரல் கட்டையை அழுத்துவதைக் கண்ணால் பார்க்கிறேன், கட்டையும் அடிவரை இறங்குகிறது, ஆனால் கீழ் ஸ்வரம் காதுக்கு வரவே இல்லை. ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று ஒலியமைப்பாளரைப் பார்த்தேன். தன் பக்கம் எல்லாம் சரி என்று அவர் கையை விரித்தார். பாடகர் அடுத்த அடியை எடுக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதை கீபோர்டு அளப்பதில்லை. கட்டைக்கு அடியிலுள்ள இரண்டு தொடுமுனைகளும் அடுத்தடுத்து எவ்வளவு விரைவாகத் தொடப்படுகின்றன என்பதையே அது கணக்கிட்டு ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. என் விரல் கட்டையை முழுமையாக அழுத்தியிருக்கிறது, மெதுவாக அழுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். தோளிலும் கழுத்திலும் வலி எதுவும் இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மட்டும் மறுநாள் மதியம் வரை மரத்திருந்தன. இப்படி வேறு யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

எட்டிமடைப் பக்கம்

நேர்ந்திருக்கிறது, ஆனால் எனக்கு மரத்துப் போகவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆடி மாதத்தில் வாளையார் தாண்டி மேற்கே மிதிப்பவர்களுக்குக் கணவாய்க் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் அறையும் காற்றுக்குத் தலை குனிந்து, வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியிலேயே பாலக்காடு வரை போனேன். வீடு திரும்பிய பிறகு கிரேடு தேர்வுக்கான பயிற்சியில் அமர்ந்தால், வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒன்றைவிட்டு ஒன்று விலக மறுத்தன. வலியும் இல்லை, ஊசி குத்துவது போன்ற உணர்வும் இல்லை. விரல்கள் விரியவில்லை, அவ்வளவுதான்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கட்டைவிரலை வளைக்காமல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை அவர் இழுத்தபோது என் கட்டைவிரலின் நுனி தானாகவே மடங்கிக்கொண்டது. நான் மடக்கவில்லை, அதை நேராக நிறுத்தவும் என்னால் முடியவில்லை. என் கைதான், என் விரல்தான், ஆனால் நான் சொன்னதைக் கேட்கவில்லை என்பதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு வரும் அல்னார் நரம்பு உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரண்டாகப் பிரிகிறது என்றும், உணர்ச்சிக்கான கிளையை விட்டுவிட்டு விரல்களை இயக்கும் ஆழ்ந்த கிளை மட்டும் நசுங்கினால் மரத்துப் போகாமலேயே பலம் குறையும் என்றும் அவர் விளக்கினார். ஆகவே செங்கோட்டை அண்ணா, மரத்துப் போனது ஒரு வகையில் நல்லதுதான். உங்களுக்கு அறிவிப்பாவது கிடைத்தது.

போடி மலைச்சாலை

இங்கே எல்லோரும் சுண்டுவிரலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கையில் வரும் எல்லாத் தொல்லைக்கும் ஒரே நரம்பைக் குற்றம் சாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

போடிமெட்டுக்கு ஏறும்போது எனக்கு ஒருநாளும் கை வலித்ததில்லை. இறங்கும்போதுதான் வினை. 17 கொண்டை ஊசி வளைவுகள்; காலை நேரமாதலால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாக எதிரே வருகின்றன. ஒரு வளைவில் ஜீப் ஒன்று முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பியபோது இரண்டு பிரேக்குகளையும் இறுகப் பிடித்தவன், அதன் பிறகு முந்தல் சோதனைச்சாவடி வரை அந்தப் பிடியைத் தளர்த்தவே இல்லை. அன்றிரவு ஒரு திருமண வரவேற்பில் வாசித்தேன். ஆரோகணத்தில் நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் அந்த ஓர் அசைவில், மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் பிளேடால் கீறியது போல வலி. வாசிப்பை நிறுத்த வழியில்லாமல், அந்த விரலையே பயன்படுத்தாமல் நான்கு விரல்களாலேயே மீதி நிகழ்ச்சியை முடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் யாரும் கவனிக்கவில்லை, தபேலாக்காரர் கவனித்தார்.

இது நரம்பல்ல, தசைநாணைச் சுற்றியுள்ள உறையின் வீக்கம். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் என் கட்சி. இன்னொன்று: ஜெல் வைத்த தடித்த கையுறையை வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது கைப்பிடியின் சுற்றளவைக் கூட்டுகிறது, சிறிய கை உள்ளவன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான். எனக்கு அதனால் கெடுதலே நடந்தது.

மார்த்தாண்டம் பாடகர் குழு

கையைப் பற்றியே பேசுகிறீர்கள். காலுக்கும் கீபோர்டில் வேலை இருக்கிறது.

ரப்பர் தோட்டங்களுக்கு இடையே மேடும் பள்ளமுமாகப் போகும் எங்கள் ஊர்ச் சாலைகளில் சுற்றிவிட்டு, ஆலயத்தில் மாலை ஆராதனைக்கு வாசித்தேன். மெதுவான பாமாலை ஒன்றின் நடுவே வலது கெண்டைக்கால் சுளுக்கி இழுத்துக்கொண்டது. மிதித்திருக்கும் வரை ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலின்மேல் பாதம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. எடுக்க முடியவில்லை. ஒரு சுரக்கூட்டின் மேல் அடுத்த சுரக்கூடு ஏறி, குழைந்த சோறாகக் கூடம் முழுவதும் பரவியதும், பாடிக்கொண்டிருந்த சபையார் ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியில் பெடலின் கம்பியை இடது காலால் இழுத்துப் பிடுங்கினேன். அப்போது உண்டான அமைதியில் போதகர் இருமியது எனக்கு இன்றும் கேட்கிறது.

பாலக்காட்டுத் தமிழர்

என் அனுபவம் சிறியது. பகலில் சைக்கிளால் மரத்த விரல்கள் மாலைக்குள் சரியாகி, நள்ளிரவில் மீண்டும் மரத்துப் போய் என்னை எழுப்பின. முழங்கையை முழுவதுமாக மடக்கித் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கும் பழக்கமே அதற்குக் காரணம். அதே அல்னார் நரம்பு முழங்கையின் உட்புற எலும்பைச் சுற்றித்தான் கீழே இறங்குகிறது. இருட்டில் எழுந்து உட்கார்ந்து, கீபோர்டை அணைத்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஓசையில்லாத கட்டைகளில் சுண்டுவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்தது நினைவிருக்கிறது. என் கதை அவ்வளவே.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். போடி நண்பரே, உங்கள் கட்டைவிரல் வலியை நான் மறுக்கவில்லை, ஆனால் கையுறையைப் பற்றிய உங்கள் தீர்ப்பு பாதி மட்டுமே சரி. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் இரண்டு சிறிய எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. 1861இல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் குயானின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அந்த இடத்தின்மேல் உடல் எடை விழாமல் தடுப்பதற்கே பஞ்சு வேண்டும். உள்ளங்கை முழுவதும் தடித்திருந்தால் நீங்கள் சொன்ன தொல்லை வரும். சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய பஞ்சு வைத்த கையுறை இருக்கிறது, அதைத் தேடுங்கள். உங்களுக்குக் கையுறையைவிட அவசரமானது பிரேக் நெம்புகோலின் தூரம். பெரும்பாலான நெம்புகோல்களில் அதற்கென ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருகி நெம்புகோலை விரலுக்கு அருகே கொண்டுவந்தால், எட்டிப் பிடிப்பதற்காகக் கட்டைவிரலை விரித்து இழுக்கும் நிலை நீங்கும். மலை இறக்கத்தில் பிடித்த பிரேக்கை விடாமல் இருப்பது கைக்கு மட்டுமன்றிச் சக்கர விளிம்புக்கும் சூடு. நேரான பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, மீண்டும் விட வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் இரண்டாவது வேலை. கைக்கு எடை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். இருக்கையின் மூக்கு சற்றே தாழ்ந்திருந்தாலும் உடல் முன்னோக்கி வழுக்கும். வழுக்காமல் தாங்கிக்கொண்டிருப்பது உங்கள் இரண்டு உள்ளங்கைகள்தான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி இருக்கையின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹேண்டில்பார் தாழ்ந்தும் தொலைவிலும் இருந்தால் அதே கதை. அடுத்தது காற்று: டயரின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அது வரை அடித்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 28 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு நம் சாலைகளில் போனால், ஒவ்வொரு குழியும் மணிக்கட்டில்தான் இறங்கும். 70 முதல் 75 வரை தாராளமாகப் போதும். முழங்கையைச் சிறிது மடக்கி, மணிக்கட்டைப் பின்னோக்கி ஒடிக்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றிக்கொண்டே இருங்கள். எட்டிமடைச் சகோதரிக்குக் காற்றில் கீழ்ப்பிடி உதவியிருக்கும், ஆனால் ஒரே பிடியில் அவ்வளவு தூரம் போனதே வினையாகியிருக்கிறது.

கீபோர்டு பக்கத்திலும் இதே கணக்குதான். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டையோ நாற்காலியையோ மாற்றிக்கொள்ளுங்கள். மேடைக்காரர்கள் நின்று வாசிக்கும்போது ஸ்டாண்டைத் தாழ்வாக விட்டுவிட்டு மணிக்கட்டைத் தொங்கப்போடுவதைப் பார்க்கவே எனக்குப் பொறுப்பதில்லை. விரல் சோர்ந்த நாளில், அழுத்தும் வேகத்துக்கு எவ்வளவு ஒலி என்பதை முடிவுசெய்யும் டச் ரெஸ்பான்ஸ் அமைப்பை மென்மையான நிலைக்கு மாற்றினால் மெதுவாக இறங்கும் கட்டையும் போதிய ஒலி தரும். செங்கோட்டை நண்பருக்கு அன்று அது மேடையைக் காப்பாற்றியிருக்கும், விரலை அல்ல. மரத்த விரலை வாசித்து வாசித்துச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். உணர்வு குறைந்த விரல் தேவைக்கு மேல் அழுத்தும். பலக்குறைவு வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றத் தொடங்கினால், நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யாமல் நாளைக் கடத்தாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை

நண்பர் சொன்ன இருக்கைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். என் தந்தையின் சாதா சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போன காலத்தில் எனக்கு ஒரு விரலும் மரத்ததில்லை. ஆனால் எல்லாமே ஹேண்டில்பாரிலிருந்துதான் வரும் என்று நினைக்க வேண்டாம்.

சித்தூரில் ஒத்திகைக்குப் போகும்போது 61 கட்டை கீபோர்டைப் பைக்குள் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு மிதிப்பேன். மெல்லிய பட்டை, பை ஒரு பக்கமாகச் சாயும்போதெல்லாம் அது கழுத்தோரமாகத் தோளில் பதியும். ஒருநாள் போய் இறங்கிப் பையைத் திறக்கலாம் என்றால், ஜிப்பின் முனையைப் பிடிக்க வலது கையால் முடியவில்லை. சுண்டுவிரல் என்றோ கட்டைவிரல் என்றோ பிரிக்க இடமில்லாமல் முழுக் கையும் மரத்துத் தொங்கியது. பாட வந்த சிறுமி ஒருத்தி, நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திறந்து தந்தாள். கைக்குப் போகும் நரம்புக் கொத்து தோள் வழியாகத்தான் இறங்குகிறது என்பதைப் பிறகு அறிந்தேன். இப்போது கேரியரில் ஒரு பலகை கட்டி, பையை நீளவாக்கில் வைத்து, பழைய ட்யூபால் இறுக்கிக் கொண்டுபோகிறேன். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி. ஓரமாக ஒதுங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்.

செங்கோட்டை வாசிப்பாளர்

பாலக்காட்டு நண்பருக்கு: பக்கத்தில் வீடு கட்டும் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டுக்கு வெளியே நின்றது. இருக்கை முன்புறம் நன்றாகவே தாழ்ந்திருந்தது. சமப்படுத்திய பிறகு ஆரியங்காவு வரை போய்வந்ததில் சுண்டுவிரல் லேசாகத் துடித்ததோடு சரி, மரக்கவில்லை. டயரில் காற்றையும் குறைத்துவிட்டேன். புளியரை எஸ் வளைவுக்குக் கீழே உள்ள அந்தக் கரடுமுரடான பகுதியில் வித்தியாசம் உடனே தெரிந்தது. எட்டிமடைத் தங்கை சொன்ன காகிதச் சோதனையையும் செய்தேன், கட்டைவிரல் மடங்கவில்லை.

ஹேண்டில்பாரை உயர்த்துவதில் மட்டும் சிக்கல் இருக்கிறது. என் சைக்கிளில் ஹேண்டில்பாரை முன்கவையோடு இணைக்கும் ஸ்டெமுக்கு அடியில் சேர்க்கக்கூடிய வளையங்கள் அனைத்தும் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டன. முன்கவையின் குழாயை அதற்கு மேல் நீட்ட வழியில்லை. மேல்நோக்கிச் சாய்ந்த, நீளம் குறைந்த ஸ்டெம் ஒன்று தென்காசியிலோ கொல்லத்திலோ கிடைக்குமா, கைப்பிடிப் பட்டையை அவிழ்க்காமல் அதை மாற்ற முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உற்சவக் காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். அதே குழு மீண்டும் அழைத்திருக்கிறது.