ஈசிஜி சரியாக இருந்தும் இதயத்துடிப்பு சீரற்றிருக்க முடியுமா?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 74. பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதம் வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்தபோது, துடிப்பு சீராக இல்லை என்பதைக் காட்டும் குறி கருவியில் மூன்று முறை தோன்றியது. மறுநாள் எடுத்த ஈசிஜியிலோ எந்தக் குறையும் இல்லை. படி ஏறினால் களைத்துப்போகிறார். கேட்டால், "இந்த வயதில் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்கிறார். நெஞ்சுவலி வராதவரை இதயத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றே நாங்களும் நினைத்திருந்தோம். கருவியை நம்புவதா, ஈசிஜியை நம்புவதா?

மறுமொழி 1:
இரண்டுமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வழக்கமான ஈசிஜி சுமார் 10 நொடித் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. முதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற கோளாறோ, பலருக்குத் தொடக்கத்தில் வந்து வந்து மறையும். அப்போது இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால், இடது மேலறையை ஒட்டிய சிறு பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது; அந்த ரத்தக்கட்டி மூளைக்குச் சென்று ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு கூடுதல். படபடப்பே உணராத சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் இது இருப்பதே தெரியவருகிறது என்பதுதான் வேதனை.

குறி தோன்றியதாலேயே நோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். கை அசைந்தாலும், பெரும்பாலும் தீங்கற்ற இடைத்துடிப்புகள் (முறைக்கு முன்னதாகவே இடையில் வந்துவிடும் துடிப்புகள்) வந்தாலும் அது தோன்றக்கூடும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் பரிசோதனை தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் துடிப்பு தடுமாறும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையையும் அவர் எழுதித் தரலாம்.

மறுமொழி 2:
துடிப்பு மிகவும் குறைவதும் இதயத் துடிப்புக் கோளாறுகளில் ஒரு வகைதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மாமனார் இரண்டு முறை குளியலறையில் விழுந்தபோது வழுக்கிவிட்டது என்றே நம்பினோம். மூன்றாம் முறை நாடியை எண்ணியபோது நிமிடத்துக்கு 38 தான் இருந்தது. இதயத்தின் மின்னோட்டப் பாதையில் தடை என்று கண்டறிந்து துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தினார்கள். அதன் பிறகு அவர் விழவில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அதுவரை முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்கிறார் உறவினர் ஒருவர். கொடுக்கலாமா?

மறுமொழி 1:
நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனால் வரும் பக்கவாதத்தைத் தடுப்பதில் ஆஸ்பிரினின் பயன் மிகக் குறைவு. ரத்தக்கசிவு அபாயமோ உண்டு. கோளாறு உறுதியானால் வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் போன்றவற்றைக் கணக்கிட்டு, வார்ஃபரின் அல்லது அபிக்சபான் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவரை ஐந்து நிமிடம் அமரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, தாளம் தவறுகிறதா என்பதையும் தேதி, நேரத்துடன் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இடையே முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.