புதுப்பிப்பு: விதைகளை நம்பிய மூன்று மாதம்

ரத்தச் சோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 158 என்று வந்தபோது, மாத்திரைக்கு முன் விதைகளை முயன்று பார்க்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். மருத்துவர் மூன்று மாத அவகாசம் தந்திருந்தார். இப்போது 144. ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு மட்டும் அசையவே இல்லை.

முதல் இரண்டு வாரம் ஆளி விதையை முழுசாகவே விழுங்கினேன். வீண் வேலை! ஓடு உடையாவிட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்று இங்கே ஒருவர் சொன்ன பிறகுதான் பொடித்தேன். அப்புறம் நார்ச்சத்து நிறைந்த இசப்கோல் விதையின் உமியும் சேர்ந்தது.

இசப்கோலின் கரையும் நார் குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கிறது. விதைகளில் உள்ள ஸ்டெரால்கள் (தாவரங்களில் இருக்கும் கொழுப்பு வகைப் பொருட்கள்) வேறு வழி: உருவத்தில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், குடலில் உறிஞ்சப்படும் இடத்துக்கு அதனோடு போட்டி போடுகின்றன. ஆனால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறைய நாளுக்குச் சுமார் 2 கிராம் ஸ்டெரால் வேண்டும். வெறும் விதையில் அவ்வளவு தேறாது. ஆகவே என் விஷயத்தில் பெருமை நாருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் குறைவாகக் குடித்த நாட்களில் வயிறு உப்பியது. மற்ற மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடச் சொன்னார் மருத்துவர். சரி, அடுத்த சோதனை இன்னும் மூன்று மாதத்தில். மாத்திரைப் பேச்சை அப்போது எடுப்பாராம்.