20 யூனிட் இன்சுலினை எந்த சிரிஞ்சில் போட்டாலும் 20 யூனிட்தானா?

மருந்தாளுநர்: பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கார்: "சிவப்பு மூடியோ ஆரஞ்சு மூடியோ, 20 யூனிட்னா 20 யூனிட்தான்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. நம்ம ஊர்ல 30/70 கலவை (வேகமா வேலை செய்யறதும் மெதுவா வேலை செய்யறதும் கலந்த) இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு. 40 மருந்தை ஆரஞ்சுல 20 கோடு வரை இழுத்தா உள்ளே போறது வெறும் 8 யூனிட். 100 மருந்தைச் சிவப்புல 20 கோடு வரை இழுத்தா 50 யூனிட்! உயிர் போற விசயம் இது.

கொங்குத்தமிழன்: எழுதினது நான்தான், நேராவே திட்டுங்க. டாக்டர் சீட்டுல 20 யூனிட்னுதான் இருக்கு, மூடி கலர் இல்லீங்க. எங்கப்பா கைக்குக் கிடைச்ச சிரிஞ்சுலதான் போடறார், நல்லாத்தான் இருக்கார்.

மருந்தாளுநர்: கிடைச்சதெல்லாம் சிவப்பா இருந்திருக்கும். பாட்டில்ல 40னு போட்டிருந்தா சிரிஞ்சுலயும் 40னு இருக்கணும். அவ்வளவுதான்.

நெல்லைச்சீமை: இந்த வம்பே வேண்டாம்னுதான் எங்கம்மா ஊசிக்கு ஒத்துக்கல. மாத்திரைன்னா தண்ணியில முழுங்கிட்டுப் போயிரலாம்லா.

மருந்தாளுநர்: கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா அதுலயும் சர்க்கரை இறங்கும்மா. உடம்புல இன்சுலினே சுரக்காத டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினுக்குப் பதிலா எந்த மாத்திரையும் கிடையாது.

கொங்குத்தமிழன்: கலங்கலா தெளிவான்னு பாருங்க, அதுதான் முக்கியம். நாள் முழுக்க வேலை செய்யற கிளார்ஜின் இன்சுலின் தெளிவா இருக்கும், கலவை கலங்கலா இருக்கும். சிரிஞ்சு கலரெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்.

மருந்தாளுநர்: கலங்கலை உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். கிளார்ஜினை வேற இன்சுலினோட ஒரே சிரிஞ்சுல கலக்கவே கூடாது. எல்லாம் சரி. ஆனா 40 பாட்டிலுக்கு 40 சிரிஞ்சு! அதுக்குப் பதில் சொல்லுங்க.

புதியவன்: இன்சுலின் பேனா வாங்கிட்டா சண்டையே இல்லையே?

மருந்தாளுநர்: பேனா மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 100. பேனா ஊசி தீர்ந்துபோச்சுன்னு பேனாவுக்குள்ள இருக்கிற குப்பியிலிருந்தே சிவப்பு சிரிஞ்சுல இழுக்கிறவங்க இருக்காங்க. இரண்டரை மடங்கு ஏறும். அதனாலதான் தொண்டை கிழியக் கத்தறேன்.

கொங்குத்தமிழன்: பேனா விக்கிறதுக்குத்தான் இந்தக் கத்தலா? 1923ல இன்சுலினைக் கண்டுபிடிச்சவங்க அதோட காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் குடுத்தாங்க. இன்னைக்கு உங்க கடையில என்ன விலைங்க?

மருந்தாளுநர்: விலையை நான் வைக்கிறதில்ல. பேச்சை மாத்தாதீங்க. 8 யூனிட்டா, 20 யூனிட்டா?

நெல்லைச்சீமை: மெட்ஃபார்மின் சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு போன மாசம் இதே கொங்குத்தமிழன்தானே எழுதினாரு?

கொங்குத்தமிழன்: ஆமா, இப்பவும் சொல்றேன்.

மருந்தாளுநர்: அன்னைக்கே சொன்னேன். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பழுதா இருந்தா அளவைக் குறைக்கணும், ஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டற அளவு) 30க்குக் கீழே போனா நிறுத்தணும். பல வருசம் சாப்பிடறவங்க வைட்டமின் பி12 குறையாம பார்த்துக்கணும். இதையும் அதையும் போட்டுக் குழப்பாதீங்க. 40க்கு 40, 100க்கு 100.

கொங்குத்தமிழன்: கடைக்காரர் டாக்டர் ஆயிட்டார். எங்கப்பா சுகர் போன வாரம்கூட நார்மல்ங்க.

மருந்தாளுநர்: அவர் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்து வச்சுப் படம் எடுத்துப் போடுங்க.

கொங்குத்தமிழன்: உங்களுக்கு நான் எதுக்குங்க காட்டணும்?