பாதியில் நிறுத்திய படமும் மூடி வைத்த புத்தகமும்

ஈரோட்டுக்காரி:

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பிள்ளை தூங்கின பிறகு, நானும் வீட்டுக்காரரும் ஒருவழியாக 'விசாரணை' போட்டோம். ஆமாம், 2016-ல் தியேட்டருக்கு வந்த படத்தை இப்போதுதான். வெனிஸ் விழாவுக்குப் போனது, தேசிய விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியது என்று எல்லாம் தெரியும், தெரிந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். குண்டூருக்குப் பிழைக்கப் போய் பூங்காவில் படுத்துக்கிடக்கும் நாலு பையன்களைப் பிடித்துக்கொண்டு போய், எதற்கு என்றுகூடச் சொல்லாமல் அடிக்கிறார்கள். அரை மணி நேரம் தாங்கியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டாலும் சத்தம் விடவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுநாள் தனியாக உட்கார்ந்து முடித்தார். முடிவு என்ன என்று கேட்டால், "விடு, நீ தெரிஞ்சுக்க வேண்டாம்" என்கிறார்.

இதை ஆபீசில் ஒரு நண்பரிடம் சொன்னேன், அவர் தீவிரமான சினிமா ஆள். "லாக்கப்பில் அடி வாங்கினவன் நிறுத்துங்க என்று சொன்னால் நிறுத்தினார்களா? நீங்கள் ரிமோட்டை அமுக்கிவிட்டு வந்துவிட்டீர்கள், அதுதான் நம் பிரச்சினையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் ரெண்டு நாளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு 'மகாநதி' அப்படி. 1994 பொங்கலுக்குத் தியேட்டரில் பார்த்தவர், கமல் தன் மகளைக் கல்கத்தாவில் போய்க் கண்டுபிடிக்கும் இடத்துக்குப் பிறகு அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததே கிடையாது. டிவியில் போட்டால் ஸ்ரீரங்கம் பாட்டு முடிகிறவரை பார்ப்பார், முடிந்ததும் சேனல் மாறிவிடும். அந்தப் பாட்டு மட்டும் மார்கழி மாதம் பூராவும் வீட்டில் ஓடும்! இது வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் நானும் அதே ரகம்தான் போல.

என் கேள்வி இதுதான். நல்ல படம், நல்ல புத்தகம், சந்தேகமே இல்லை, ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கவோ படிக்கவோ முடியவில்லை என்று எதையாவது விட்டிருக்கிறீர்களா? விட்டது தப்பு என்று பிறகு தோன்றியதா?

மிதிவண்டி:

சகோதரி, நான் அந்தப் படத்தை முதல் வாரமே தியேட்டரில் பார்த்தவன். இடைவேளையில் வெளியே வந்து டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பப் போகலாமா இப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. போனேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டது நல்லது.

அந்த நண்பருக்கு ஒரு தகவல். அடி வாங்கினவரே எழுதிய புத்தகம் இருக்கிறது, மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர். படத்தின் முதல் பாதி அதிலிருந்து வந்ததுதான், ஆடிட்டர் கதை வரும் இரண்டாம் பாதி படத்துக்காகச் சேர்த்தது. படம் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். பயந்துகொண்டே எடுத்தேன், ஆச்சரியமாக ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அதே அடி, அதே ஸ்டேஷன், ஆனாலும் படிக்க முடிந்தது. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்து எனக்குத் தோன்றியது, எழுதினவர் வெளியே வந்துவிட்டார் என்பது நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். மனிதர் பிழைத்து, வீடு வந்து, பேனா எடுத்து எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு இருட்டான பக்கத்தையும் தாண்டிவிடலாம். படம் அந்தக் கயிற்றை அறுத்துவிடுகிறது. (முடிவைச் சொல்லிவிட்டேனோ? மன்னிக்கவும்.)

படத்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை.

பாதிராத்திரி:

இதுக்கேவா? கொரியன் படமெல்லாம் பார்த்தால் நீங்கள் மயக்கம் போட்டுவிடுவீர்கள் 😄

சரி, விளையாட்டு போதும். ரிமோட் என்று எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்தது 'ஃபன்னி கேம்ஸ்'. மைக்கேல் ஹானெகெ, ஆஸ்திரியா, 1997. ஏரிக்கரை வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த குடும்பத்தை வெள்ளைக் கையுறை போட்ட ரெண்டு பையன்கள் சித்திரவதை செய்கிறார்கள், காரணம் எதுவும் கிடையாது. ஒரு இடத்தில் அந்த அம்மா துப்பாக்கியை எடுத்து ஒருவனைச் சுட்டுவிடுவார். அப்பாடா என்று நாம் நிமிர்ந்து உட்காருவோம். உடனே இன்னொருவன் டிவி ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தையே பின்னால் ஓட்டி, நடந்ததை நடக்காததாக்கிவிடுவான். இதையே 2007-ல் அவரே இங்கிலீஷில் காட்சிக்குக் காட்சி அப்படியே திரும்ப எடுத்தார். நாம் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் இது நடக்கிறது என்று அந்த ஆள் நம் முகத்துக்கு நேராகச் சொல்கிற மாதிரி இருக்கும். பாதியில் எழுந்து போகிறவனைத்தான் அவர் மதிப்பார் போல. நான் கடைசிவரை உட்கார்ந்தேன், பெருமையாக இல்லை. உங்கள் நண்பரை இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுந்து:

அக்கா, நான் வால்பாறை. எங்கள் பாட்டியின் அம்மா அப்பாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முன்பணம் கொடுத்துத் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலைக்குக் கூட்டி வந்தார்கள். பாட்டி லைன் வீட்டில் பிறந்தவர், பத்து வயதுக்கு முன்னாலேயே வேலைக்குப் போனவர்.

'பரதேசி' 2013-ல் வந்தபோது நான் காலேஜ். எங்கள் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பயங்கர உற்சாகம். பாட்டியைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டணும் என்று டிக்கெட்டுக்குக்கூடக் காசு சேர்த்துவிட்டேன். கதையைச் சொன்னேன். கங்காணி, அட்டைக்கடி, கொள்ளைநோய், தப்பி ஓடுகிறவனைப் பிடித்துக் குதிகால் நரம்பை வெட்டுவது எல்லாம் சொன்னேன். பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதைக் காசு குடுத்து வேற பாக்கணுமா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு டிவியில் வடிவேலு காமெடி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் கதாநாயகன் மலைமேல் உட்கார்ந்து அழும்போது, எந்த நரகத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தானோ அங்கேயே பெண்டாட்டியும் பிள்ளையும் வந்து சேருகிறார்கள். தியேட்டரில் அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் படத்துக்கு ஆதாரம் 'ரெட் டீ' என்று 1969-ல் வந்த ஆங்கில நாவல். எழுதியவர் பி. எச். டேனியல், ஆனைமலை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்தவர். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. அதை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் மூடி வைத்தேன். நாலாவது முறை முடித்தேன். படத்தில் அழுகை அதிகம், அது ஒரு அளவுக்கு மேல் போனதும் எனக்கு மரத்துவிட்டது. நாவலில் ஒரு டாக்டர் எழுதுகிற மாதிரி நிதானமாக, யார் யார் காய்ச்சலில் போனார்கள், கணக்கு தீர்க்கும்போது கையில் எவ்வளவு மிஞ்சியது என்று போய்க்கொண்டே இருக்கும். வருடம் முழுக்க வேலை பார்த்தும் பற்று தீராத அந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் சீட்டு ஒன்று இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

பாட்டி செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நண்பருக்கு வருமா என்று கேளுங்கள்.

சன்னலோரம்:

புத்தகம் என்றால் தாங்கலாம் என்று மிதிவண்டி அண்ணன் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. உருது எழுத்தாளர் மன்ட்டோவின் 'திற' கதையை யாராவது தாங்கியிருக்கிறீர்களா? மூன்று, நான்கு பக்கம்தான். பிரிவினைக் கலவரத்தில் காணாமல் போன மகளை ஒரு அப்பா தேடுகிறார். ரத்தம் இல்லை, அடி இல்லை, நடந்த எதையும் நேராகச் சொல்லவே இல்லை. கடைசியில் டாக்டர் சன்னலைத் திறக்கச் சொல்கிறார், அந்த வார்த்தையைக் கேட்டு, பிணம் மாதிரிக் கிடந்த பெண்ணின் கை அசைகிறது. கை எங்கே போகிறது என்று நான் எழுதப் போவதில்லை. அதைப் பார்த்துவிட்டு "என் பொண்ணு உயிரோட இருக்கா" என்று அப்பா சந்தோஷத்தில் கத்துகிறார் பாருங்கள், அந்தச் சந்தோஷம்தான். பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

நிறுத்துவதற்குக்கூட அதில் நேரம் கிடைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, படத்தில் வருவதற்கு முன்னாலேயே பின்னணி இசை எச்சரித்துவிடும், தலையைத் திருப்பிக்கொள்ளலாம். இதில் வரியைப் படித்து முடித்தால்தான் என்ன படித்தோம் என்றே தெரிகிறது.

நாஞ்சில்வாசி:

நல்ல இழை. என் பங்குக்கு ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவல். இதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் 'நான் கடவுள்' (2009) வந்தது, ஆனால் படம் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பிச்சைக்காரர்களை வைத்து வியாபாரம் செய்யும் போத்திவேலு பண்டாரம் அவர்களை 'உருப்படி' என்றுதான் சொல்வார். வாங்குவது, விற்பது, ஊர் ஊராகத் திருவிழாவுக்கு ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் நடக்கும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, கொடுமை என்று தெரிந்தே படிக்கிறோம். என்னைப் படுத்தியது வேறு. பண்டாரம் பக்திமான், பெண்டாட்டிக்குப் பயந்தவர், மகள்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மகள் கல்யாணத்துக்குப் பணம் புரட்ட அவர் படும் பாட்டைப் படிக்கப் படிக்க, ஐயோ இந்த மனுஷனுக்கு எப்படியாவது பணம் கிடைத்துவிடணுமே என்று நானே வேண்ட ஆரம்பித்துவிட்டேன்! எதை விற்றுப் பணம் வரும்? உருப்படியை விற்று. அது உறைத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அதோடு அந்த உருப்படிகள் அடிக்கும் நக்கல் இருக்கிறதே, எங்கள் ஊர்ப் பேச்சு வேறு, வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். சிரித்ததற்கும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பப் படிக்கவில்லை, யாருக்கும் இரவல் கொடுக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 'பருத்திவீரன்' கடைசிப் பத்து நிமிடத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதுவரை ரசித்துச் செதுக்கிய படம், பிரியாமணி நடிப்பு அபாரம், ஆனால் அந்த முடிவில் அந்தப் பெண்ணுக்கு நடப்பது, அவனுக்குப் பாடம் கற்பிக்க அவள் உடம்பைப் பயன்படுத்திக்கொண்ட மாதிரிதான் எனக்குப் பட்டது. கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. அடிக்க வராதீர்கள்.

மிதிவண்டி:

@நாஞ்சில்வாசி அடிக்க வரவில்லை, ஆனால் அந்த முடிவு இல்லாவிட்டால் அது திருவிழாப் படமாகப் போயிருக்கும் என்பது என் கட்சி. தனி இழை போட்டுச் சண்டை போடலாம்.

@சன்னலோரம் ஒத்துக்கொள்கிறேன். மன்ட்டோவை மறந்துவிட்டேன்.

மழைக்காலம்:

யாரும் கார்ட்டூன் சொல்லவில்லையே. 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்', இசாவோ தகஹாதா, ஜப்பான். கோபே நகரத்தில் குண்டு விழுந்து அம்மா செத்துப்போக, பதினாலு வயது அண்ணனும் நாலு வயதுத் தங்கையும் தனியாகிவிடுகிறார்கள். படம் ஆரம்பிப்பதே அந்தப் பையன் தான் செத்த நாளைச் சொல்வதில்தான், 1945 செப்டம்பர் 21. முடிவு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. கயிறு என்று மேலே ஒருவர் சொன்னாரே, இதில் ஆரம்பத்திலேயே அது கிடையாது. ஆனாலும் தங்கை மிட்டாய் டப்பாவைக் குலுக்கிப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒன்று இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மூலக்கதை எழுதிய நோசாகா அகியுகி தன் வளர்ப்புத் தங்கையை அப்படிப் பசிக்குப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் நல்லவனாக இருக்கவில்லை, கிடைத்ததைத் தானே சாப்பிட்டுவிட்டேன் என்கிற குற்றவுணர்வில் எழுதியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாம் முறை பார்க்க உட்கார்ந்தேன், முடியவில்லை.

இன்னொரு விஷயம். 1988-ல் இது தியேட்டரில் 'மை நெய்பர் டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் வந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

பாதிராத்திரி:

டோட்டோரோ முதலில் போட்டுவிட்டு இதை இரண்டாவதாகப் போட்டிருந்தால் அது கிரிமினல் கேஸ்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

கொழுந்து தம்பி, உங்கள் பாட்டி சொன்னதை அப்படியே நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, உங்களுக்கு இருக்கா?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது, என்ன செய்ய! பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், முடிந்தால் பாட்டியிடம் கேட்டு அதில் இருக்கும் பெயர்களை எழுதி வையுங்கள்.

'லாக்கப்' நூலகத்தில் கிடைத்தது. முப்பது பக்கம் ஆகியிருக்கிறது. பகலில் மட்டும் படிக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அவர்கள் நாலு பேரும் எனக்கு இப்போது பேரோடு தெரிகிறார்கள். படத்தில் யார் யார் என்று புரிவதற்குள்ளேயே அடி ஆரம்பித்துவிட்டது.

மழைக்காலம், பிள்ளைக்கு ஏழு வயது. இந்த சனிக்கிழமை டோட்டோரோ மட்டும் காட்டப் போகிறேன். மற்றதன் பெயரை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து பார்த்துத் தொலைப்பார்.