'தி லாஸ்ட் வால்ட்ஸ்' எல்.பி.: பெரியவர்கள் ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?

பேப்பர் மில்ஸ் ரோடு:
அல்லிக்குளம் பக்கம் பழைய இசைத்தட்டு விற்பவரிடம் ஆங்கிலப் பாடகர் எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்கின் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' எல்.பி. (பெரிய இசைத்தட்டு) வாங்கினேன். 1967இல் வந்த ஆல்பம். தலைப்புப் பாட்டு அருமை, அதில் சந்தேகமே இல்லை. மீதி பதினொன்றில் பாதிக்கு மேல் எனக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. வயலின்கள் பொங்குகின்றன, பின்னால் கோரஸ் வருகிறது, இவர் உருகுகிறார், அவ்வளவுதான். ஆனால் பெரம்பூரில் எங்கள் தெரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், அரை மணி நேரம் பேசுகிறார்கள். ஹெட்போனில் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன். எனக்குப் பிடிபடாமல் போவது எது?

தண்டையார்பேட்டை கீபோர்டு:
பாதிக் காரணம் ஊர்ப் பாசம். மனிதர் 1936இல் இதே மெட்ராஸில் பிறந்தவர், இயற்பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டோர்சி. பத்து வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. மேனேஜர் கார்டன் மில்ஸ்தான் ஒரு ஜெர்மன் ஓபரா (இசை நாடக) இசையமைப்பாளரின் பெயரைத் தூக்கி இவருக்கு வைத்தார். 'நம்ம ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்ள ஆசை யாருக்குத்தான் இல்லை?

மைக்செட்காரன்:
தம்பி, ஊர்ப் பாசத்தை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் எந்த ஊர்? அவரையும்தான் இங்கே வீட்டுப் பிள்ளை மாதிரி கொண்டாடினார்கள்.

நான் ரொம்ப வருஷம் வியாசர்பாடியில் மைக்செட் வைத்திருந்தவன். காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் பெரம்பூர், அயனாவரம் பக்கத்து ரயில்வே ஆட்களின் டான்ஸ்களுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே குழாய் ஆகாது, பெட்டி ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். காரணம் வேலை செய்யும்போதுதான் விளங்கியது. குழாயில் பாடுகிறவர் குரல் நாலு தெரு தாண்டும், ஆனால் அடிநாதம் செத்துவிடும். வால்ட்ஸ் என்பது ஜோடியாகச் சுற்றி ஆடும் ஆட்டம், மூன்று எண்ணிக்கை. நம் கணக்கில் தகிட, தகிட. அந்த முதல் 'த'வைப் பேஸ் கிட்டார் தட்டினால்தான் ஆடுகிறவர் கால் தரையில் இறங்கும். அது கேட்கவில்லை என்றால் ஜோடி ஜோடியாக முட்டிக்கொள்வார்கள். கால் வழுக்க வேண்டும் என்று தரையில் வேறு பவுடர் தூவியிருப்பார்கள், கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், இது உட்கார்ந்து கேட்கச் செய்த ஆல்பம் இல்லை. ஹெட்போனில் நீங்கள் வயலினைக் கவனிக்கிறீர்கள். ஹாலில் ஐம்பது பேர் காலைத் தேய்த்துக்கொண்டு சுற்றும்போது வயலின் ஒரு படுதா மாதிரி பின்னால் தொங்கும், அவ்வளவே. முன்னால் வருவது குரலும் அந்தத் தாளமும்தான். 'எல்லாம் ஒரே மாதிரி' என்று நீங்கள் சொல்லும் குணம் ஆடுகிறவர்களுக்கு வசதி. பாட்டுக்குப் பாட்டு வேகம் தாவினால் ஜோடிகள் தரையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். வெறும் தரைக்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரோடு நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அந்த வேலை செய்தவனைக் கேளுங்கள்.

அப்புறம் தலைப்புப் பாட்டு. எழுதியவர்கள் லெஸ் ரீடும் பேரி மேசனும். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கதையைக் கவனித்தீர்களா? டான்ஸ் முடியும் நேரத்தில் தனியாக நிற்கும் பெண்ணைப் பார்க்கிறான், கடைசி வால்ட்ஸ் ஆடுகிறார்கள், காதல் வருகிறது. பிறகு அந்தக் காதல் முடியும்போதும் ஒரு கடைசி வால்ட்ஸ். முடிவில் அவனிடம் சொல்ல வார்த்தையே இல்லாமல் 'லா லா லா' என்று மட்டும் பாடுகிறான். பிரிவுப் பாட்டு! இதற்குத்தான் புதுமணத் தம்பதிகள் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடினார்கள். இவருடைய இன்னொரு பாட்டு 'ரிலீஸ் மீ' இன்னும் மோசம், என்னை விட்டுவிடு, வேறொருத்தியைப் பிடித்துவிட்டது என்று கெஞ்சுகிற பாட்டு. அதையும் கல்யாண வீட்டில் போடச் சொல்வார்கள். நானும் போட்டிருக்கிறேன், கேட்டவர் பொண்ணோட அப்பா.

உங்கள் தெருப் பெரியவர்கள் உருகுவது அந்த ஹாலை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன். கூட ஆடியவர்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். கப்பல் ஏறும்போது எடுத்துப் போக முடியாமல் விற்ற தட்டுகள்தான் பழைய பொருள் விற்கும் மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடந்தன. 1985இல் அது எரிந்தபோது எத்தனை போயிற்றோ.

தண்டையார்பேட்டை கீபோர்டு:
அண்ணே, ஆடுவதற்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தட்டில் பதிவானதைக் கேட்டுத்தானே மதிப்பிட வேண்டும்? இதில் 'நேச்சர் பாய்', 'டு தி எண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' இரண்டும் ஏற்கெனவே அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் பாடியவை. முதலாவது 1948இல் வந்த பாட்டு. அவர் அதை ரகசியம் சொல்வது போல் பாடியிருப்பார். இவர் கதவைத் திறந்து தெருவுக்கே சொல்கிறார். குரல் பெரிய குரல், மறுக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு அது தேவையில்லை.

பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றாலே குற்றம் என்றும் சொல்லவில்லை. 1964இல் 'எங்கே நிம்மதி'க்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி வைத்த ஆர்கெஸ்ட்ரா சின்னதா? அங்கே வாத்தியங்கள் டி.எம்.எஸ்.ஸைத் துரத்தும், மூச்சுவிடாமல் அடிக்கும். இந்த ஆல்பத்தில் வாத்தியங்கள் பாடகருக்குத் தலையணை எடுத்துக் கொடுக்கின்றன. எனக்குப் பன்னிரண்டில் மூன்று போதும்.

மைக்செட்காரன்:
'நேச்சர் பாய்' விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். அதை ஒரு டான்ஸிலும் யாரும் கேட்டதில்லை. 'வாக் ஹேண்ட் இன் ஹேண்ட்' உங்கள் மூன்றில் இல்லையென்றால் மட்டும் சண்டைக்கு வருவேன்.

பேப்பர் மில்ஸ் ரோடு:
நன்றி ஐயா. ஸ்பீக்கரில் போட்டு நின்றுகொண்டு கேட்டேன். அம்மா என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனார். நிஜமாகவே வேறு மாதிரி இருந்தது, முதல் பக்கம் முழுக்கப் பிடித்தது. இன்னொரு சந்தேகம்: முதல் பாட்டு தெளிவாக இருக்கிறது, பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் வயலின் கரகரவென்று கேட்கிறது. தட்டு போய்விட்டதா?

மைக்செட்காரன்:
தட்டு ஓரத்தில் பள்ளம் நீளமாக ஓடும், நடுவுக்கு வர வர அதே ஒரு சுற்றில் குறைந்த தூரம்தான் கிடைக்கும். அதனால் உள்பக்கப் பாட்டுகளில் ஒலி நசுங்குவது சகஜம். 'லாஸ்ட்' என்று பெயர் வைத்த பாட்டை முதலில் வைத்தது அந்த விதத்தில் நல்லதாகப் போயிற்று. முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள், தேய்ந்த ஊசி வயலினைத்தான் முதலில் கடிக்கும். தட்டை ஈரத்துணியால் வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் தண்ணீர் படக் கூடாது.