சக்கிமுக்கியா, தீக்கல்லா? பழைய அமெரிக்கப் படைத் துப்பாக்கிக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், மதுரை

அன்பார்ந்த குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கப் படையினர் 1840கள் வரை ஏந்திய கல்லடித் துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்துள்ளது. மாத இறுதிக்குள் சொல்லடைவுடன் ஒப்படைக்க வேண்டும். ‘ஃபிளிண்ட்லாக் மஸ்கெட்’ என்று ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்பது பதிப்பாசிரியரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள, குதிரை எனப்படும் சுத்தி, தோல் துண்டில் பொதிந்த ஒரு கல்லைத் தன் வாயில் கவ்விக்கொண்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து எதிரில் நிற்கும் எஃகுத் தகட்டில் மோதும். அம்மோதலில் தகடு பின்னே சாய, அதுவரை அது மூடியிருந்த சிறு கிண்ணி திறந்துகொள்ளும். பொறிகள் கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். அந்நெருப்பு குழலின் பக்கத்துளை வழியே உள்ளே சென்று குண்டைத் தள்ளும்.

சேகரிப்பாளர்களுக்கு இதைவிட இன்றியமையாத வேறொன்று உண்டு. ஒரு துப்பாக்கி தொடக்கம் முதல் இன்றுவரை கல்லடியாகவே இருந்திருக்கிறதா, இடையில் வெடிமூடிக்கு (கல்லுக்கு மாறாக, குதிரை அடித்ததும் வெடித்துத் தீ தரும் சிறு உலோக மூடிக்கு) மாற்றப்பட்டதா, அப்படி மாற்றப்பட்டதை அண்மைக்காலத்தில் எவரேனும் மீண்டும் கல்லடியாக ஆக்கியிருக்கிறாரா என்னும் மூன்று நிலைகளை அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். விலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே நாம் ஆக்கும் சொல், இம்மூன்று நிலைகளுக்கும் கிளை விடக்கூடியதாக இருக்க வேண்டும். என் முன்மொழிவு ‘சக்கிமுக்கித் துப்பாக்கி’.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையீர்,

தங்கள் முயற்சி பாராட்டத்தக்கது, முன்மொழிவு ஏற்கத்தக்கதன்று. சக்கிமுக்கி என்பது எதுகை நயத்தால் நம் இணைமொழிபோல் மயக்கினாலும், துருக்கியில் தீத்தட்டுதலைக் குறிக்கும் ‘சக்மக்’ உருது வழியாக வந்து நம்மிடம் தங்கிவிட்டதே ஆகும். ‘தீக்கல்’ என்னும் இரண்டசைச் சொல் இருக்க, வந்தேறிச் சொல்லை ஏன் தேடிப் போக வேண்டும்?

துப்பாக்கி என்பதும் துருக்கிச் சொல்லே என்று இளைஞர் ஒருவர் உடனே எழுதுவார் என்பதை அறிவேன். ‘துப்பு’ என்பதற்கு வலிமை என்னும் பொருள் நம் இலக்கியம் முழுவதும் உண்டு. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. வான்சிறப்பில் வள்ளுவர் வாய்மொழியிலேயே அவ்வடிவம் இருக்கிறது.

‘பூட்டு’ என்னும் சொல்லையும் நாம் விட்டுவிடக் கூடாது. குதிரை, விசை, வில், கிண்ணி ஆகியவை பொருத்தப்பட்ட தட்டுத் தொகுதிக்குப் பூட்டு என்றே பெயரிட வேண்டும். கதவுப் பூட்டுதான் நினைவுக்கு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாண் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம். பொருள்கோளிலேயே பூட்டுவில் இருக்கிறது. இங்கும் ஒரு வில்லைத்தானே பூட்டி வைக்கிறார்கள்? ஆகவே ‘தீக்கற்பூட்டு நெடுங்குழல்’ என்பதே என் பரிந்துரை. பாதி இழுத்த நிலையில் குதிரை அசையாமல் நிற்பதை எண்ணும்போது, இல்லிறையில் (வீட்டுக் கூரையின் இறப்பில்) செருகிய தீக்கடைகோலாகிய ஞெலிகோலை அதியமானுக்கு உவமையாக்கிய ஔவையின் பாட்டு நினைவுக்கு வருகிறது. ‘ஞெலிகுழல்’ என்றும் ஆக்கலாம்.

மடல் 3: யாழ்ப்பாணத்து உறுப்பினர்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வான்சிறப்புக் குறளில் வரும் ‘துப்பாக்கி’ உணவை ஆக்கி என்னும் வினையெச்சம் என்பதைத் தாங்களே எத்தனையோ மாணவருக்குக் கற்பித்திருப்பீர்கள். மழையைப் பற்றிய பாட்டில் இருந்து படைக்கலத்துக்குப் பெயர் எடுப்பது பொருந்தாது. எங்களிடத்தில் அதே துருக்கிச் சொல் ‘துவக்கு’ என்று வழங்குகிறது. அது திரிந்த வழி தெளிவாகவே தெரிகிறது.

குழல்வாய் வழியாக மருந்தை இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் நாட்டுத் துவக்கை எங்கள் ஊர்களில் ‘இடியன்’ என்பார்கள். அமெரிக்கப் படையினர் ஏந்தியதும் இடித்துக் கெட்டிக்கும் துவக்குத்தானே? மக்கள் நாவில் உயிரோடு இருக்கும் ஒரு சொல்லை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ‘கல்லிடியன்’ என்றால் எங்கள் பக்கத்து வேட்டைக்காரர் எவருக்கும் விளங்கும்.

மடல் 4: பொறியாளர், மாசச்சூசெட்சு

அனைவருக்கும் வணக்கம்.

நான் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில் வசிக்கிறேன். அங்குள்ள பழைய படைக்கலச் சாலை இப்போது அருங்காட்சியகம். அதனால் பொருளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அண்ணன் சொன்ன ‘இடியன்’ அழகான சொல். ஆனால் அது மருந்திடும் முறையைக் குறிக்கிறதே தவிர, தீப்பற்றும் முறையைக் குறிக்கவில்லை. 1842ஆம் ஆண்டு வகை வெடிமூடியால் இயங்கியது. அதுவும் குழல்வாய் வழியாக இடித்துக் கெட்டிக்கப்பட்டதே. இரண்டும் இடியன் என்றால் சேகரிப்பாளருக்கு அச்சொல்லால் பயனில்லை. ஐயாவின் ஞெலிகோலும் மரத்தை மரத்தில் கடைந்து தீ எடுப்பது; இங்கு நடப்பது கடைதல் அன்று.

‘தீக்கல்’ என்பதிலும் ஒரு நுட்பமான குறை உண்டு. இங்கே எரிவது கல் அன்று. கல்லின் கூரிய விளிம்பு எஃகிலிருந்து மிக நுண்ணிய துகள்களைச் சீவி எடுக்கிறது; சீவப்பட்ட எஃகுத் துகள்களே காற்றில் எரிந்து பொறியாகின்றன. தீ இருப்பது இரும்பில். ஆகவே உண்மையை ஒட்டிப் பெயரிட வேண்டுமானால் ‘தீயிரும்புத் துப்பாக்கி’ என்றுதான் சொல்ல வேண்டும். அதை யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

‘சுடுகலன்’ என்பதை எவரும் இன்னும் முன்மொழியவில்லை. முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருளாகவே கொள்ளப்படும். சட்டத்தின் கண்ணில் அது சுடுகலன் ஆகாது. கையேட்டில் சட்டத்தைப் பற்றி ஓர் இயல் கட்டாயம் இருக்கும். அங்கே போய் ‘இச்சுடுகலன் சுடுகலன் அன்று’ என்று எழுத நேரும்.

இனி அம்மா கேட்ட மூன்று நிலைகளுக்கு வருகிறேன், ஏனெனில் சொல்லின் தகுதி அங்கேதான் தெரியும். 1795ஆம் ஆண்டு வகை, பிரெஞ்சுப் படையின் 1763ஆம் ஆண்டுத் துப்பாக்கியை முன்மாதிரியாகக் கொண்டு 0.69 அங்குல விட்டமுள்ள, புரியில்லாக் குழலோடு செய்யப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலும் அரசே செய்தது; தனியாருக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. எலி விட்னி 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளை இரண்டே ஆண்டுகளில் தருவதாக ஒப்புக்கொண்டு, 1809இல்தான் தந்து முடித்தார். (நம் மொழிபெயர்ப்பாளர் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.) அதன்பின் 1816ஆம் ஆண்டு வகை பெருந்தொகையில் வெளிவந்தது, கடைசிக் கல்லடி 1840ஆம் ஆண்டு வகை.

வெடிமூடி வந்ததும் கிடங்குகளில் இருந்த நல்ல துப்பாக்கிகளை அரசு வீணாக்கவில்லை. குதிரையை மாற்றி, கிண்ணியையும் எஃகுத் தகட்டையும் கழற்றி, பூட்டுத்தட்டில் எஞ்சிய துளைகளை அடைத்து, பக்கத்துளையை மூடி, குழலின் மேற்புறத்தில் மூடி செருகும் முளையைத் திருகினார்கள். இன்னொரு முறை, எட்வர்டு மேனார்டு என்னும் பல் மருத்துவர் கண்டுபிடித்த நாடா முறை. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் சுடும் ரோல் கேப் போன்றதே அது. இப்படி மாறியவை மிகப் பல என்பதால், மாறாதவற்றுக்கு விலை மிகுந்தது. விலை மிகவே, மாறியவற்றைப் பழையபடி கல்லடியாக்கி விற்போரும் தோன்றினர்.

சேகரிப்பாளர் அதனால்தான் பூட்டுத்தட்டைத் திருப்பி, அடைத்த துளைகளின் தடம் உண்டா என்று பார்க்கிறார். குழலின் மேற்புறத்தில் முளை இருந்த இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். பக்கத்துளையைச் சுற்றி மருந்து அரித்த பழைய குழிகள் இயல்பாக இருக்கின்றனவா, குதிரையின் நிறம் தட்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று நோக்குகிறார். மரக்கட்டையின் இடப்பக்கத்தில் ஆய்வாளர் இட்ட முத்திரை மங்காமல் இருந்தால் மகிழ்கிறார். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் வாங்காமலே போய்விடுகிறார்.

ஆகவே எனக்கு வேண்டியது ‘முதற்கல்லடி’, ‘மூடிமாற்று’, ‘மீள்கல்லடி’ என்று சொல்ல இடம்தரும் ஒரு சொல். ‘கல்லடித் துப்பாக்கி’ என்று அம்மா தம்மை அறியாமலே முதல் மடலின் முதல் வரியில் எழுதிவிட்டார். அதுவே போதும்.

மடல் 5: தமிழாசிரியர், தஞ்சாவூர்

தம்பி,

தங்கள் விளக்கம் மிகச் சிறப்பு. முடிவு ஏமாற்றம் அளிக்கிறது. ‘கல்லடி’ என்றதும் படிப்பவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது எது? கல்லால் அடிப்பதும், அடிபடுவதும். ‘கண்ணடி பட்டாலும் கல்லடி படக்கூடாது’ என்று ஒரு சாராரும், மாற்றி இன்னொரு சாராரும் சொல்லும் நாட்டில், அச்சொல்லைப் படைக்கலத்தின் தலையில் கட்டலாமா? மேலும் ‘மீள்கல்லடி’ என்றால் இரண்டாம் முறை அடி வாங்கியதுபோல் ஒலிக்கிறது. பூட்டுத்தட்டு என்று தாங்களே இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கப் பெயரில் மட்டும் பூட்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் காட்டவில்லை. ‘தீக்கற்பூட்டு’, ‘மீள்தீக்கற்பூட்டு’ என்பவற்றில் என்ன குறை?

தீ இரும்பில் இருக்கிறது என்பது அறிவியலுக்கு உண்மையாக இருக்கலாம். வழக்கு அவ்வாறு பார்ப்பதில்லை. கடலில் தோன்றும் உப்பைக் கல்லுப்பு என்று சொல்பவர்கள் நாம்.

மடல் 6: மொழிபெயர்ப்பாளர், மதுரை

வணக்கம்.

‘மீள்தீக்கற்பூட்டு நெடுங்குழல்’ என்று ஓர் அட்டவணையின் கட்டத்தில் இட்டுப் பார்த்தேன்; கட்டம் போதவில்லை. வரிக்கு வரி வந்து போகும் ஒரு சொல் இவ்வளவு நீளமாக இருக்க இயலாது. குழுவில் தனிமடலிட்டோர் பெரும்பாலும் சக்கிமுக்கியையோ கல்லடியையோ ஏற்கிறார்கள். தீக்கல்லை விரும்புவோரும் பூட்டை விரும்பவில்லை.

ஆகவே நூலின் தலைப்பிலும் முதல் இயலிலும் ‘சக்கிமுக்கித் துப்பாக்கி’ என்றே எழுதப் போகிறேன், பார்த்தவுடன் பொருள் விளங்குவதால். நிலைகளைக் குறிக்கும்போது ‘முதற்கல்’, ‘மூடிமாற்று’, ‘மீள்கல்’ என்று ‘அடி’யை நீக்கிச் சுருக்கிக்கொள்கிறேன், இதனால் ஐயாவின் கவலையும் ஓரளவு தீரும். தட்டுத் தொகுதிக்குப் பூட்டு என்னும் அவர் சொல்லை அப்படியே ஏற்கிறேன். இடியன், குழல்வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகச் சொல்லடைவில் இடம்பெறும். ஈழ வழக்கு என்ற குறிப்பும் உடன் இருக்கும்.

மடல் 7: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையீர்,

ஒரே நூலில் தலைப்புக்கு ஒரு சொல்லும் அட்டவணைக்கு வேறொரு சொல்லும் ஆள்வது முறையன்று. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கிண்ணியை மூடும் எஃகுத் தகட்டுக்கு இதுவரை எவரும் பெயர் சொல்லவில்லை. அதற்கு ‘தீத்தட்டி’ என்று நான் முன்மொழிகிறேன். ‘எஃகுத் தகடு’ என்று எழுதி அதையும் கடந்துவிடுவதாக இருந்தால், அன்புகூர்ந்து முன்னதாகத் தெரிவியுங்கள்.